முன்னங்கால் முறிவும் மிருக வைத்தியரின் கைப்பயிற்சியும்

நாய், பூனை, குதிரை, மாடு முதலிய நாற்கால் உயிர்களின் முன்னங்கால் மனிதனுடைய கைக்கு ஒப்பானது. தோளிலிருந்து முழங்கை வரை ஓர் எலும்பு. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை இரண்டு. அதற்குக் கீழே சிற்றெலும்புகளும் விரல்களும். இந்த ஒப்புமையை அறிந்தவர், குதிரையின் முன்னங்காலில் ‘முழங்கால்’ என்று பலரும் சுட்டும் மூட்டு உண்மையில் மணிக்கட்டே என்பதை எளிதில் உணர்வர். அதன் முழங்கை மார்பை ஒட்டி மேலே இருக்கிறது. வகுப்பில் இதைச் சொன்னதும் பிள்ளைகள் தங்கள் கையை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொள்வார்கள். உடற்கூறு கற்பிக்க இதைவிட நல்ல தொடக்கம் வேண்டுவதில்லை.

மேலெலும்பைப் புய எலும்பு என்போம். கீழுள்ள இரண்டில், முன்புறம் நின்று உடற்சுமையைத் தாங்குவது ஆரை எலும்பு; பின்புறம் முழங்கை முனையாக நீண்டு நிற்பது அரந்தி எலும்பு. இந்த மூன்று சொற்களை மனத்திற் கொண்டால் இக்கட்டுரைக்குப் போதும்.

ஒப்புமை இவ்வளவே. வேற்றுமைதான் வைத்தியருக்குத் தொல்லை தருவது. நமது கையை மார்புக்கூட்டோடு இணைக்கும் காறை எலும்பு நாய்க்குப் பெயரளவிலேயே உண்டு. குதிரைக்கு அறவே இல்லை. முன்னங்காலை உடலோடு பிணைப்பவை தசைகளே. அப்படித் தசையால் பிணைக்கப்பட்ட இரண்டு கால்களின் மேல்தான், நிற்கும் நாயின் உடற்சுமையில் நூற்றுக்கு அறுபது பங்கு விழுகிறது. கை முறிந்த மனிதன் அதைத் துணியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு அலுவலகத்துக்குப் போகலாம். நாய்க்கு அந்த வசதி இல்லை. ‘ஆறு வாரம் அசையாதே’ என்று அதனிடம் சொல்லவும் முடியாது.

பழைய நாளில் கால் முறிந்த விலங்குக்கு மூங்கிற் பத்தை வைத்துத் துணி சுற்றுவதே வழக்கமாக இருந்தது. அதை ஏளனம் செய்வதற்கில்லை. கன்று ஈனும்போது காலைக் கயிறு கட்டி மிகுந்த வலிமையோடு இழுப்பதால், மணிக்கட்டுக்குக் கீழே உள்ள குழல் எலும்பு முறிந்து பிறக்கும் கன்றுகள் உண்டு. தோல் கிழியாமல் இருந்தால் அவற்றுக்கு மாவுக்கட்டே போதும். இளங்கன்றின் எலும்பு விரைவாகக் கூடிவிடும். இன்றைய அறுவை நிபுணரும் அங்கே கத்தியை எடுக்கமாட்டார்.

ஆயின் கட்டுக்கு ஒரு விதி உண்டு. முறிந்த எலும்புக்கு மேலுள்ள மூட்டையும் கீழுள்ள மூட்டையும் சேர்த்து அசையாமல் நிறுத்தினால்தான் கட்டு பயன்படும். புய எலும்பு முறிந்தால் மேலுள்ள மூட்டு தோள். நாயின் தோளைச் சுற்றி எதைக் கட்டினாலும் அது நழுவிக் கீழே இறங்கும். இறங்கிய கட்டு முறிந்த இடத்தில் நின்றுகொண்டு நெம்புகோலாகிவிடும். கட்டாமல் விட்டிருந்தால்கூட இவ்வளவு கேடு வந்திராது.

விதி பொருந்தியும் கட்டு தோற்கும் இடம் ஒன்று உண்டு. அது சின்னஞ்சிறு இன நாய்களின் கீழ்முன்னங்கால். மடியிலும் நாற்காலியிலும் வளரும் இவ்வின நாய்கள் இரண்டு அல்லது மூன்று கிலோ எடையே இருக்கும். மடியிலிருந்து தரைக்குத் தாவியதே போதும். மணிக்கட்டுக்குச் சற்று மேலே ஆரையும் அரந்தியும் சேர்ந்து முறிந்துவிடும். எலும்பு பென்சிலைவிட மெலியது. பார்த்தால் மிக எளிய முறிவு. கட்டுப் போட்டு அனுப்பலாம் என்றே யாருக்கும் தோன்றும். ஆனால் சில மாதங்கள் கழித்து வரும் நாயின் எக்ஸ்-ரே படத்தில், முறிந்த முனைகள் ஒன்றோடொன்று கூடாமல், தேய்ந்து கூர்மையாகிக் கிடப்பதைக் காணலாம். எலும்பு கூடாதது மட்டுமன்று. இருந்த எலும்பும் கரைந்துபோகிறது. அந்நிலையில் காலை எடுத்துவிடுவதைத் தவிர வேறு வழி இல்லாமற் போவதும் உண்டு.

காரணம் யாது? அந்த இடத்தில் எலும்பைச் சுற்றித் தசை இல்லை, தோலும் தசைநாண்களும்தான். முறிந்த எலும்புக்குத் தொடக்கத்தில் இரத்தம் தருவது சுற்றியுள்ள தசையே. அதற்கு மேல், 1997-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, பெரிய நாய்களோடு ஒப்பிடும்போது சிறிய இன நாய்களின் ஆரை எலும்பின் கீழ்ப்பகுதியில் உள்ளிருக்கும் இரத்தக் குழாய்களே குறைவு என்று காட்டியது. இரத்தம் குறைந்த இடத்தில், கட்டுக்குள் நிகழும் சிறு அசைவும் கூடுதலைத் தடுத்துவிடுகிறது. ஆகவே இங்கே அறுவை செய்து, உலோகத் தகட்டால் எலும்பை இறுகப் பிடித்துவைக்க வேண்டும்.

இங்கேதான் நம் பொருளுக்கு வருகிறோம். தகடும் திருகாணியும் பணம் கொடுத்தால் கிடைக்கும். அவற்றை வைக்கும் கை எங்கே உருவாகிறது?

கால்நடை மருத்துவப் பட்டம் பெறும் மாணவர் பசு, ஆடு, கோழி, பன்றி, நாய், குதிரை என அத்தனை உயிர்களின் அத்தனை நோய்களையும் சில ஆண்டுகளுக்குள் படித்தாக வேண்டும். மனித வைத்தியத்தில் எலும்புக்கு ஒருவர், கண்ணுக்கு ஒருவர். மிருக வைத்தியத்தில் எல்லாவற்றுக்கும் ஒருவரே. பட்டம் பெறும் நாளில் அவர் எலும்பு அறுவையைப் பற்றி நிறையப் படித்திருப்பார். தாமே செய்தவை மிகக் குறைவு. அப்படியானால் அவருடைய முதல் தகடு யாருடைய நாயின் காலில் ஏறும்? இந்தக் கேள்விதான் உயர்நிலைப் பயிற்சி முழுவதற்கும் வேர்.

இத்துறையின் வரலாற்றில் மனித வைத்தியமும் மிருக வைத்தியமும் மாறி மாறிக் கொண்டும் கொடுத்தும் வந்திருக்கின்றன. 1930-களில் ஓட்டோ ஸ்டேடர் என்னும் அமெரிக்க மிருக வைத்தியர், நாய்களுக்காக ஒரு கருவி அமைத்தார். முறிவுக்கு மேலும் கீழும் எலும்புக்குள் ஊசிகளைச் செலுத்தி, வெளியே ஒரு சட்டத்தால் அவற்றை இணைத்துத் திருகி நேராக்கும் கருவி அது. நாய் கட்டில்லாமல் நடந்தது. நியூயார்க் பெல்வியூ மருத்துவமனையின் டாக்டர்கள் அதைக் கண்டு மனிதருக்கும் பயன்படுத்தினர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படை அதனைக் காயமுற்ற மாலுமிகளுக்கு வழங்கியது. நாய் வைத்தியரிடம் மனித வைத்தியர் பாடம் கேட்ட கதை இது. இது பரவலாகத் தெரியாமற் போனது வியப்பே.

மறுபக்கக் கொடை சுவிட்சர்லாந்திலிருந்து வந்தது. 1958-இல் பீல் நகரில் பதின்மூன்று அறுவை மருத்துவர்கள் கூடி, எலும்பு முறிவை உலோகத்தால் இணைக்கும் முறையை ஆராய ஒரு குழு அமைத்தனர். மோரிஸ் முல்லர், மார்ட்டின் ஆல்கோவர், ஹான்ஸ் வில்லெனெகர் ஆகியோர் அவர்களுள் முதன்மையானவர். ஜெர்மன் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு இக்குழுவை ஏ.ஓ. என்பர். உலோகத்தால் எலும்பை இணைப்பது அதற்கு முன்பே இருந்ததுதான். ஆயின் ஒவ்வொருவரும் தத்தம் போக்கில் செய்தனர், தோல்விகள் மிகுதி. இவர்கள் செய்தவை மூன்று. பெட்லாக் என்னும் ஊரைச் சேர்ந்த ராபர்ட் மாத்திஸ் என்ற தொழிலறிஞரைக் கொண்டு ஒன்றுக்கொன்று பொருந்தும் கருவித் தொகுதியைச் செய்வித்தனர். ஒவ்வொரு நோயாளியின் படங்களையும் விளைவையும் பதிந்து வைத்தனர். மூன்றாவதாக, 1960-இல் டாவோஸ் என்னும் மலையூரில் முதல் பயிற்சி வகுப்பை நடத்தினர். அவ்வகுப்பில் பேராசிரியர் பேச, மற்றவர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. வந்த டாக்டர்கள் மேசை முன் நின்று எலும்பைத் துளைத்தார்கள், திருகாணி முடுக்கினார்கள். கருவி போகும் இடத்துக்குக் கல்வியும் போக வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். ஆசிரியத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், மூன்றிலும் இதுவே பெரிது என்பேன்.

1969-இல் அதே சுவிட்சர்லாந்தில் இக்குழுவின் மிருக வைத்தியப் பிரிவு தோன்றியது. 1970 முதல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மிருக வைத்தியருக்கான வகுப்புகள் தொடங்கின. இன்று இத்தகைய வகுப்புகள் பல நாடுகளில் நடைபெறுகின்றன.

வகுப்பறையைச் சற்று எட்டிப் பார்ப்போம். மேசை மேல் நாயின் ஆரை எலும்பைப் போலவே வார்த்த பிளாஸ்டிக் எலும்பு பிடிகருவியில் நிற்கிறது. அதில் முறிவு முன்னரே அறுத்து வைக்கப்பட்டிருக்கும். இருவர் இருவராக நிற்கிறார்கள்: ஒருவர் செய்ய, மற்றவர் துணை நிற்க, பின்னர் இடம் மாறுவார்கள். முதற் பாடம் இழுதிருகாணி. இரண்டு துண்டுகளை ஒரே திருகாணியால் இறுக்க வேண்டுமானால், தலைப்பக்கத் துண்டில் திருகாணி வழுக்கிச் செல்லும் அகலத்துக்கும், அப்பாலுள்ள துண்டில் மரை பற்றும் அளவுக்கும் துளையிட வேண்டும். 3.5 மில்லிமீட்டர் திருகாணி என்றால் முதல் துண்டில் 3.5, இரண்டாவதில் 2.5. இரண்டு துண்டிலும் சிறு துளையே இட்டால் மரை இரண்டையும் பற்றிக்கொள்ளும். எவ்வளவு முடுக்கினாலும் இடைவெளி குறையாது. இதைப் புத்தகத்தில் பத்து முறை படித்தவரும் மேசையில் ஒருமுறை தவறாகச் செய்த பிறகுதான் மறப்பதில்லை. தவறு செய்வதற்கென்றே ஓர் இடம் வேண்டும். அந்த இடம் உயிருள்ள நாயின் காலாக இருக்கக்கூடாது.

அடுத்தது தகடு. நேரான தகட்டை நேரான எலும்பின் மேல் வைத்து இறுக்கினால் எல்லாம் சரியாகும் என்று தோன்றும். இறுக்கிப் பார்த்தால் தகட்டுக்கு அடியில் முறிவு நெருங்குகிறது. எதிர்ப்புறத்தில் வாய் பிளக்கிறது. ஆகவே முறிவுக்கு நேரே தகட்டைச் சிறிதளவு வளைத்து, எலும்பிலிருந்து மயிரிழை உயர்ந்து நிற்குமாறு வைக்க வேண்டும். இறுக்கும்போது தகடு நிமிர முயன்று எதிர்ப்புறத்தையும் நெருக்கும். இதைச் சொல்லால் விளக்க எனக்கு நான்கு வரி ஆயிற்று. பிளாஸ்டிக் எலும்பில் கண் ஒரு நொடியில் கண்டுகொள்ளும்.

பிளாஸ்டிக் எலும்பு கற்பிக்காதவையும் உண்டு. அதற்கு இரத்தம் இல்லை, நரம்பு இல்லை, சுட்டால் சாவதும் இல்லை. துளைக்கருவியின் வெப்பத்தால் எலும்பு 47 பாகை செல்சியசில் ஒரு நிமிடம் இருந்தாலே அங்குள்ள உயிரணுக்கள் கெடும். கெட்ட எலும்பில் திருகாணி நாளடைவில் தளரும். ஆகவே கூரிய முனை, மெல்லிய அழுத்தம், இடைவிடாத நீர் ஆகியவற்றைப் பழக்கமாக்க வேண்டும். நரம்பைக் கற்க இறந்த விலங்கின் காலில் பயில்கிறார்கள். புய எலும்பு முறுக்கிய வடிவுடையது. அதன் வெளிப்புறப் பள்ளத்தை ஒட்டி ஆரை நரம்பு சுற்றிக்கொண்டு கீழே செல்கிறது. அது அறுந்தாலோ நசுங்கினாலோ நாய் பாதத்தை நிமிர்த்த இயலாமல் புறங்காலைத் தரையில் இழுத்து நடக்கும். எலும்பு அழகாகக் கூடியிருக்கும், கால் பயன்படாது. பூனைக்கு இன்னும் ஒரு பொறி. அதன் புய எலும்பின் கீழ்முனையில், உட்புறமாக, ஒரு துளை உண்டு. அதன் வழியாக ஒரு நரம்பு ஓடுகிறது. நாயில் கற்றதை அப்படியே பூனையில் செய்பவர் திருகாணியை அந்நரம்பின் மேலேயே இறக்கிவிடலாம்.

புய எலும்பின் கீழ்முனை முழங்கை மூட்டின் மேல்பாதி. நான்கு மாத நாய்க்குட்டி உயரத்திலிருந்து விழுந்தால், அங்கே வெளிப்பக்கக் குமிழ் பிளந்துகொள்வது மிகுதியாகக் காணும் முறிவு. இறங்கும் சுமையில் பெரும்பங்கை ஆரை எலும்பு அந்தக் குமிழின் மேல்தான் தள்ளுகிறது. குறுக்கே ஓர் இழுதிருகாணியும், சுழலாமல் தடுக்க ஒரு கம்பியும் போதும். ஆனால் மூட்டின் பரப்பு இம்மியும் பிசகாமல் பொருந்த வேண்டும். படி போல ஒரு சிறு மேடு நின்றாலும் வாழ்நாள் முழுதும் மூட்டுவாதம்.

முழங்கை முனை முறிந்தால் வேறு கணக்கு. மேற்கையின் பின்புறத் தசை முறிந்த துண்டை ஓயாமல் மேலே இழுக்கும். அந்தத் தசையோடு போராடாமல் அதையே வேலை வாங்குகிறார்கள். இரண்டு ஊசிகளைச் செலுத்தி, எட்டு வடிவில் கம்பி சுற்றி முறுக்கினால், தசை இழுக்க இழுக்க முறிவு நெருங்கும். இயந்திரவியலின் இந்த அழகைக் காணும்போது ஒரு கணிதத் தேற்றம் நிறைவேறியதைப் போன்ற மகிழ்ச்சி உண்டாகிறது.

எதைச் செய்யக்கூடாது என்பதும் பாடத்தில் அடக்கம். எலும்பின் மச்சைக் குழிக்குள் நீண்ட ஊசியைச் செலுத்துவது புய எலும்புக்கும் தொடை எலும்புக்கும் ஏற்ற முறை. எளியது, செலவு குறைந்தது. அதே பழக்கத்தில் நாயின் ஆரை எலும்புக்கும் ஊசியை எடுப்பவர் உண்டு. அந்த எலும்பின் இரு முனைகளும் மூட்டுகளே. குழியோ மிகக் குறுகியது. மூட்டைக் குத்திக் கெடுக்காமல் ஊசி உள்ளே போக வழியில்லை. ஆகையால் அது விலக்கப்பட்ட முறை.

சிறு நாய்க்கு வருவோம். திருகாணியின் விட்டம் எலும்பின் அகலத்தில் நூற்றுக்கு நாற்பதைத் தாண்டக்கூடாது என்பது விதி. தாண்டினால் துளையே புதிய முறிவுக்கு வாயிலாகும். ஐந்து மில்லிமீட்டர் அகலமுள்ள எலும்பில் 1.5 அல்லது 2 மில்லிமீட்டர் திருகாணிதான் ஏறும். முறிவின் இருபுறமும் மும்மூன்று திருகாணி வேண்டுமென்பது பழைய இலக்கணம். ஆனால் மணிக்கட்டுப் பக்கத் துண்டு மிகக் குட்டையாக இருக்கும். அதற்கென ஆங்கில ‘டி’ எழுத்து வடிவத் தகடு செய்தார்கள்; அதன் தலைப்பகுதியில் திருகாணிகள் பக்கத்துக்குப் பக்கமாக நிற்கும். தகடு அளவுக்கு மீறி வலிதாக இருந்தாலும் தீங்குண்டு. சுமையை எல்லாம் தகடே தாங்கினால் அடியிலுள்ள எலும்பு வேலையின்றி மெலிந்துபோகும். தகட்டை எடுத்த பின் மீண்டும் முறியும். சுமை வேண்டும், அசைவு கூடாது என்ற இந்த நடுநிலையை எந்தப் பட்டியலிலும் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. பழகிய ஆசிரியர் அருகில் நின்று, ‘இது போதும்’ என்று சொல்ல வேண்டும்.

கொள்கையும் காலத்துக்குக் காலம் மாறியது. 1960-களில், துண்டுகள் ஒவ்வொன்றையும் பழைய இடத்தில் சேர்த்து இறுக்க வேண்டும் என்றார்கள். அதற்காகத் தசையை நெடுக விலக்கியதில், எலும்பு நேராயிற்று, இரத்தம் குறைந்தது. 1990-களில் எண்ணம் திரும்பியது. மூட்டுக்குள் முறிவென்றால் மட்டும் முழுத் துல்லியம். தண்டில் பல துண்டாக நொறுங்கியிருந்தால் நீளத்தையும் நேர்மையையும் மட்டும் காத்து, நொறுங்கிய இடத்தைத் தொடாமல், இரு சிறு வாயில்களின் வழியே தகட்டைச் செருகுவது. திருகாணித் தலை தகட்டிலேயே பூட்டிக்கொள்ளும் புதுவகைத் தகடுகள் இதற்கு உதவின. ஆகவே ஒருமுறை பயின்றவர் மறுமுறையும் வர வேண்டியிருக்கிறது.

சில நாள் நடக்கும் வகுப்புக்கு வந்து சான்றிதழ் பெற்றவர் நிபுணராகிவிட்டார் என்று கொள்வது பிழை. அமெரிக்காவில் 1965-இலும், ஐரோப்பாவில் 1991-இலும் மிருக அறுவை நிபுணர் கழகங்கள் அமைந்தன. பட்டத்துக்குப் பின் ஏறத்தாழ ஓராண்டு பொதுப் பயிற்சி, பின்னர் மூன்றாண்டு தேர்ந்த நிபுணரின் கீழ் அறுவைப் பயிற்சி, செய்தவற்றின் பதிவேடு, ஆய்வுக் கட்டுரை, அதன் மேல் தேர்வு என்பது அவர்கள் வகுத்த வழி. குறுகிய வகுப்பு தரும் பெரிய நன்மை வேறொன்று: எந்த முறிவை நாம் தொடாமல் நிபுணரிடம் அனுப்ப வேண்டும் என்று அது தெளிவாக்குகிறது. மூன்று நாளில் அதை ஒருவர் கற்றுக்கொண்டால் கட்டிய பணத்துக்கு அதுவே ஈடு.

குதிரையின் நிலையோ தனித்துயரம். 1975 ஜூலை 6-ஆம் நாள், நியூயார்க் பெல்மண்ட் பந்தயத் திடலில், அதுவரை ஓடிய பத்துப் பந்தயங்களிலும் தோல்வியறியாத ரஃபியன் என்னும் பெண்குதிரை, அவ்வாண்டு கெண்டக்கி டெர்பியை வென்ற ஆண்குதிரையோடு தனிப்போட்டியில் ஓடியது. ஓட்டத்தின் நடுவே அதன் வலது முன்னங்காலில், குளம்புக்கு மேலுள்ள மூட்டின் பின்புறத்துச் சிற்றெலும்புகள் இரண்டும் நொறுங்கின. அன்றிரவே அறுவை நடந்தது. மயக்கம் தெளிந்ததும் குதிரை இன்னும் ஓடிக்கொண்டிருப்பதாகவே எண்ணியதுபோல் கால்களை உதைத்தது. கட்டு சிதைந்தது, காயம் மிகுந்தது. விடியுமுன் அதைக் கருணைக்கொலை செய்தனர்.

குதிரைக்கு அறுவையோடு வேலை முடிவதில்லை. ஏறத்தாழ ஐந்நூறு கிலோ எடையுள்ள அஞ்சிய விலங்கு தானே எழுந்து நிற்கும் அந்தச் சில நிமிடங்களும் அறுவையில் சேர்ந்தவை என்பதை உலகம் அன்று கண்டது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் நியூ போல்ட்டன் மருத்துவமனையில், சுவிட்சர்லாந்தில் பிறந்த ஜாக் ஜென்னி என்பவர் இதற்கொரு வழியை முன்னரே வகுத்திருந்தார். மயங்கிய குதிரையைத் தூக்குக் கருவியில் உயர்த்தி, நான்கு கால்களும் புகும் ரப்பர்த் தோணியில் இறக்கி, வெந்நீர்க் குளத்தில் மிதக்கவிடுவது. உதைத்தாலும் காலில் தட்டுவது தண்ணீரே. இதனாலும் தீராத இடர் ஒன்று உண்டு. முறிந்த காலைக் காக்க எதிர்க்காலில் சாய்ந்து நிற்கும் குதிரைக்கு, அந்த நல்ல காலின் குளம்புக்குள் அழற்சி தோன்றி உயிரைப் போக்கும். எனினும், முன்னங்கால் குழல் எலும்பின் கீழ்முனைக் குமிழ் பிளந்த பந்தயக் குதிரைகளுக்கு இழுதிருகாணி இட்டு, அவற்றுள் பலவற்றை மீண்டும் ஓட வைத்திருக்கிறார்கள். அவற்றில் சிலவற்றை இன்று முழு மயக்கம் இன்றி, நின்ற நிலையிலேயே, அமைதிப்படுத்தும் மருந்தும் மரப்பூசியும் தந்து செய்கின்றனர். எழும்போது விழும் அச்சம் அங்கே இல்லை.

அவசரமே பயிலுநரின் முதற்பகை. வண்டியில் அடிபட்டு வந்த நாயின் கால் தொங்குவது எல்லோருக்கும் தெரியும். நெஞ்சுக்குள் நுரையீரல் நசுங்கியிருப்பது தெரியாது. முன்னங்கால் மார்பை ஒட்டியது. காலை ஒடித்த அடி பெரும்பாலும் மார்பையும் தாக்கியிருக்கும். ஆகவே முதலில் மூச்சையும் இரத்த ஓட்டத்தையும் நிலைநிறுத்தி, மார்பைப் படமெடுத்து, விரலைக் கிள்ளி நாய் வலியை உணர்கிறதா என்று பார்க்க வேண்டும். அக்குளில் நரம்புக் கொத்தே பிய்ந்திருந்தால், எவ்வளவு திறமையாகத் தகடு வைத்தாலும் அந்தக் கால் எழாது. எலும்பு ஓரிரு நாள் காத்திருக்கும். அந்த நாளில் படத்தின் மேல் மெல்லிய தாளை வைத்துத் துண்டுகளை வரைந்து, வெட்டி, ஒட்டி, எந்தத் தகடு, எத்தனை திருகாணி, எந்த வரிசை என்று எழுதச் சொல்கிறார்கள். இப்போது கணினியிலும் இதைச் செய்கிறார்கள்; அடுக்குப்படம் எடுத்து, அதே நாயின் எலும்பை முப்பரிமாண அச்சில் வார்த்து முன்னதாக ஒத்திகை பார்ப்பவரும் உளர். தாளோ கணினியோ, எழுதாமல் அறைக்குள் போகக்கூடாது என்பது நெறி.

வளரும் குட்டியானால் மற்றொரு கடமை சேர்கிறது. அரந்தி எலும்பின் நீளத்தில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கை அதன் கீழ்முனையிலுள்ள வளர்ச்சித் தட்டே தருகிறது. நாயில் அத்தட்டு கூம்பு வடிவுடையது. ஆகவே பக்கவாட்டு அடியிலும் நசுங்கிவிடும். அன்றைய படத்தில் அது தெரியாது. சில வாரத்தில் அரந்தி வளராமல் நிற்க, ஆரை மட்டும் வளர்ந்து, நாண் கட்டிய வில்லைப் போல வளையத் தொடங்கும். பாதம் வெளியே திரும்பும். முழங்கை மூட்டு பொருத்தம் இழக்கும். அன்று அழகாக முடிந்த அறுவையைக் கண்டு மகிழ்ந்து போன வீட்டார், மூன்றாம் மாதம் கோணற்காலோடு வந்து நிற்பார்கள். ஆகவே, தையல் பிரித்தபின்னும் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரு கால்களையும் சேர்த்துப் படமெடுத்து அளக்க வேண்டும் என்றும், இதை அறுவைக்கு முன்னரே வீட்டாரிடம் சொல்லிவிட வேண்டும் என்றும் கற்பிக்கிறார்கள். தட்டு மூடிக்கொண்டது தெரிந்தால், வளைவு முற்றுவதற்கு முன் அரந்தியில் ஒரு சிறு துண்டை வெட்டி எடுத்து ஆரையை நேராக வளரவிடலாம். குட்டிக்கு ஐந்தாறு மாதம் ஆகுமுன் கண்டுபிடித்தால்தான் அதற்கு நேரம் மிஞ்சும்.